பச்சைக் கூடாரம், ஆரஞ்சுக் கூடாரம்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு மேசையில் இருந்த பெண், என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார்.

"எதுக்கு வந்திருக்கீங்க ஆன்டி?"

"கூடாரத்துல ஒரு ராத்திரி படுத்துப் பாக்கறதுக்குங்க."

அவர் கடவுச்சீட்டை மூடிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயது, சுடிதார், கையில் முறுக்குப் பை. காடு மலை ஏறுகிற ஆள்போல நான் தெரியவில்லை என்பது எனக்கே தெரியும். திரும்பிப் போகும் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இப்ப மழை சீசன் ஆன்டி, பாத்து" என்று சொல்லி அனுப்பினார். எனக்கு வேண்டியதே மழைதான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பத்து மெஷின் போட்ட சின்ன தையல் யூனிட் என்னுடையது. ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லாம் பனியன் தைத்த கைகள். பெரிய கம்பெனிகள் கொடுத்துக்கொண்டிருந்த வேலை குறைந்துகொண்டே வந்ததால், ஒரு வருடமாக நைலான் துணியில் கூடாரம் தைத்துப் பழகினோம். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற சின்னக் கூடாரம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பழகினோமே தவிர வாங்க ஆளில்லை. பழைய மெஷின் வாங்குகிற ஒருவர் ஒரு நாள் வந்து, ஒவ்வொரு மெஷினின் உறையையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசியில ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று போயிருந்தார்.

அந்த நேரத்தில் வந்தவள்தான் கோகிலா. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறாள். தன் பெண்கள் ரைடிங் குழுவுக்கு டீ-சர்ட் தைக்கத் திருப்பூர் வந்தவள், மூலையில் கிடந்த கூடாரத்தைப் பார்த்துவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். இருநூறு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரே நிபந்தனை: மலேசிய மழையில் ஒரு ராத்திரி அவள் அதற்குள் படுத்துப் பார்க்க வேண்டும். நனையாமல் எழுந்தால் ஆர்டர். நனைந்தால், மாதக் கடைசியில் மெஷின்காரருக்குப் போன் போட வேண்டியதுதான்.

ஆகவே இரண்டு கூடாரங்களோடு கிளம்பினேன். பச்சை, தனம் தைத்தது. தனமும் நானும் இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிறகு நான் யூனிட் போட்டேன், அவள் என்னிடம் தையலுக்கு வந்தாள். ஆரஞ்சு நானே தைத்தது. பச்சையை மொட்டைமாடியில் கட்டி, உள்ளே பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று மணி நேரம் ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்தோம். தாள் நனையவில்லை. ஆரஞ்சைச் சோதிக்க நேரம் கிடைக்கவில்லை. தைத்த மேசையிலிருந்து நேராகப் பைக்குள் போனது அது.

முதல் நாள், கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினேன். தெருவில் காலை வைத்ததும் மல்லிகை, சாம்பிராணி, வடை எண்ணெய். ஊரைவிட்டே வரவில்லையோ என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே ரயில் போகிறது. சாலையைக் கடக்க, வண்டியே வராதபோதும் ஜனங்கள் விளக்கு மாறட்டும் என்று நிற்கிறார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி கையைக் காட்டிக்கொண்டு குறுக்கே நடந்தேன். ஒரு டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தி, நான் கடந்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். சோற்றுக்கு மூன்று விதக் காய், ரசம், மலைபோல அப்பளம். குழம்பு வாளியோடு வந்த அண்ணன், "கோழிக் கறியா, மீனா, ஆட்டுப் பெரட்டலா?" என்று அவசரப்படுத்தினார். பெரட்டல் என்றேன். மசாலா கறியோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் பட்டை தூக்கலாக, நன்றாகவே இருந்தது. சாம்பார்தான் நமக்கு ஒத்துவரவில்லை. எல்லாக் காயையும் போட்டு எதையும் காட்டாத சாம்பார்.

"எந்த ஊரு அக்கா?"

"திருப்பூருங்க."

"அட, டீ-சர்ட் ஊரா? இதுவும் அங்க இருந்து வந்ததா பாருங்க" என்று தன் சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டினார்.

எனக்கு இந்த வியாதி உண்டு. சாப்பிட்ட கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் அவர் சட்டையின் கீழ் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தேன். "எங்க ஊரு இல்லீங்க. எங்க ஊர்ல இவ்வளவு அகலமா ஊசி போட மாட்டாங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் இன்னொரு அப்பளம் வைத்தார்.

மறுநாள் காலை கிள்ளானுக்கு ரயில். பெண்களுக்கென்று தனிப் பெட்டி, இளஞ்சிவப்பு நிறம், குளிர்சாதனம். மடியில் கூடாரப் பைகளோடு மகாராணிபோல உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொன்னேன். அவள் கைப்பேசியில் வரைபடத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "அம்மா, கிள்ளான் அந்தப் பக்கம். இந்த ரயில் ரவாங் போகிறது. நீங்கள் கிள்ளானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்."

அடுத்த நிலையத்தில் என்னோடு அவளும் இறங்கினாள். எதிர் நடைமேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, தனக்கான அடுத்த ரயிலுக்காகப் போய் நின்றாள். நான் ஏறும்வரை எதிரே இருந்து என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். முறுக்குப் பையையாவது கொடுத்திருக்கலாம் என்று ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

"பசியாறிட்டீங்களா அக்கா?" என்றுதான் கோகிலா வரவேற்றாள். இங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்கிறார்கள். எவ்வளவு நல்ல சொல். நான் ரயிலில் வழிதவறியதைச் சொன்னேன். "எல்லாரும் ஒரு வாட்டி ரவாங் பக்கம் போவாங்க லா" என்றாள். இங்கே பேச்சின் முடிவில் ஒரு 'லா' தானாக ஒட்டிக்கொள்கிறது. "நாமளும் இப்ப அங்கதான் போறோம்."

கோகிலாவுக்கு நாற்பது இருக்கும். கழுத்தோடு வெட்டிய முடி, முழங்கால் வரை பூட்ஸ். கடையில் மழைக்கோட்டு, கையுறை, தலைக்கவசம், பின்னால் மாட்டுகிற பெட்டி. தான் போட்டுப் பார்க்காத எதையும் விற்பதில்லை என்றாள். கூடாரங்களை வாங்கித் தராசில் வைத்தாள். "சொன்ன வெயிட்தான். ஓகே." நான் சொன்ன எடையைச் சரிபார்க்கிறாளே என்று சுருக்கென்றது. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கிளம்பும்போது காற்றுக்குப் போடுகிற ஒரு கோட்டு ஜாக்கெட்டைக் கொடுத்துத் திருப்பிப் போடச் சொன்னாள். முதுகுப் பக்கம் முன்னால், ஜிப் பின்னால். எனக்குப் புரியவில்லை. "காத்து நெஞ்சுல அடிக்கும் அக்கா. இங்க எல்லாரும் இப்படித்தான்." சாலைக்குப் போனால் உண்மைதான். நூற்றுக்கணக்கான பேர் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் எது முன் பக்கம் எது பின் பக்கம் என்று அடையாளம் போட்டு வெட்டியவள் நான். அவர்களைப் பார்க்க எனக்குக் கண் கூசியது.

பெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிளுக்கென்று ஓரமாகத் தனிப் பாதை இருக்கிறது. இரண்டு பக்கமும் தடுப்பு, நடுவே நாம் மட்டும். லாரிக்குப் பயப்பட வேண்டாம். சுங்கச் சாவடியிலும் நமக்கு மட்டும் பக்கவாட்டில் சந்துபோல ஒரு வழி, நிற்கவே வேண்டாம். நம் ஊரில் அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டி வளர்ந்த எனக்கு இந்த மரியாதை பழகவே ஷா ஆலம் தாண்ட வேண்டியிருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து கோகிலாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மடங்கிய முழங்கால் வலியை மறக்க வானத்தைப் பார்த்தபடி வந்தேன். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு வந்துவிடு சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

ரவாங்கில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு கடையில் இரவுக்கு நாசி லெமாக் பொட்டலம் வாங்கினோம். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலி போட்ட இனிப்பும் காரமுமான சம்பால், அரை முட்டை. பிறகு கோகிலா சின்னச் சாலைகளில் திருப்பித் திருப்பி ஓட்டி ஒரு பழத்தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னால் ஓடை, முன்னால் சமதரை, ஒரு தகரக் கொட்டகை. தோட்டக்காரரைப் பாக் சிக் என்று கூப்பிட்டாள். சித்தப்பா என்பதுபோல மரியாதையான விளிப்பாம். அவர் எங்கள் கூடாரங்களைப் பார்த்தார், பிறகு மேலே மரத்தைப் பார்த்தார், கையை வீசி எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

கோகிலா மொழிபெயர்த்தாள். "அது டுரியான் மரமாம். தேங்கா கனத்துல முள்ளுப் பழம். பழம் விழறப்ப உங்ககிட்ட பெர்மிஷன் கேட்டுட்டு விழாதுன்னு சொல்றாரு."

பத்தடி தள்ளிக் கட்டினோம். மண் அல்வாபோல இருந்தது. நான் திருப்பூர்த் தரையை நினைத்துச் செய்த ஆணிகள் கையால் அழுத்தினாலே உள்ளே போய், இழுத்தால் வெளியே வந்தன. பாக் சிக் சிரித்துக்கொண்டே முழ நீளத்துக்குக் குச்சிகளைச் சீவிக் கொடுத்தார். பச்சையைக் கோகிலாவுக்குக் கொடுத்தேன். சோதித்துத் தேறியது அதுதானே. ஆரஞ்சில் நான் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மழை தூறலாகத் தொடங்கவில்லை. ஆறு மணி சுமாருக்கு ஒரேயடியாக இறங்கியது. திருப்பூரில் இப்படி மழை வந்தால் ஜனங்கள் வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பார்கள். இங்கே பாக் சிக் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆளுக்கொரு கூடாரத்தில் நுழைந்து ஜிப்பை இழுத்தோம். நான் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, தலைக்கு மேலே ஓடிய தையலை இன்ச் இன்ச்சாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டாயிற்று. சொட்டு இல்லை. என் தையல், என் கை என்று பெருமையாக இருந்தது. "எப்படி இருக்குது கோகிலா?" என்று கத்தினேன். "ஓகே லா!" என்று மழைக்குள்ளிருந்து குரல் வந்தது. இருநூறு கூடாரத்துக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டபடியே தூங்கிப்போனேன்.

விடிந்து ஜிப்பைத் திறந்தால், கோகிலா கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம். அவளுடைய படுக்கைப் பை கயிற்றில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒழுகிருச்சு அக்கா. நடுராத்திரி மொதல் சொட்டு மூக்குல விழுந்துச்சு. அப்புறம் வரிசையா வந்துச்சு."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பி? நீங்க மழையை நிறுத்திருவீங்களா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பத்து மெஷினும், அவற்றின் உறையைத் தூக்கிப் பார்த்த ஆளும் கண்முன்னால் வந்து நின்றார்கள். கைப்பேசியை எடுத்தேன். இங்கே ஏழு மணி, அங்கே நாலரை. பொழுது விடியாத நேரத்தில் தனத்தை எழுப்பினேன்.

"என்னத்தத் தெச்சு வெச்சிருக்கற நீ? பச்சை ஒழுகிப்போச்சு. நான் தெச்சது ஒழுகலெ, நீ தெச்சதுதான் ஒழுகுது. பனியன் தெச்ச கையை மாத்திக்க முடியலீன்னா அன்னிக்கே சொல்லியிருக்கோணும். ஏழு பேரு சோத்துல மண்ணைப் போட்டுட்டயே!"

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது, எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

"சரிங்க்கா."

"என்ன சரிங்க்கா?"

"நீங்க வந்ததும் பிரிச்சுத் தெச்சுத் தர்றனுங்க்கா."

வைத்துவிட்டேன். கோகிலா எல்லாவற்றையும் கேட்டபடி டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் பச்சைக் கூடாரத்தை அவிழ்த்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொட்டகை மேசையில் விரித்தாள். விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். தையல்மேல் தண்ணீர் புகாமல் இருக்க உள்பக்கம் சூடேற்றி ஒரு டேப் ஒட்டுவோம். அந்த டேப்பில் அவள் விரல் நின்றது.

"அக்கா, இங்க வாங்க. தையல் நல்லாத்தான் இருக்கு. டேப்தான் எந்திரிச்சிருக்கு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஒரே அளவு தள்ளித் தள்ளி இருக்கு பாருங்க."

பார்த்தேன். ஒரு சாண் இடைவெளியில், துணியின் குறுக்கே கத்தியால் கீறியதுபோல நேர்க்கோடுகள். ஒவ்வொரு கோடும் டேப்பைக் கடக்கும் இடத்தில் டேப் வாயைப் பிளந்திருந்தது.

"இதை யாரோ அயர்ன் பண்ணிருக்காங்க" என்றாள் கோகிலா. "எங்க கடையில கஸ்டமர்ங்க இப்படித்தான் மழைக்கோட்டை அயர்ன் பண்ணிட்டு வந்து, ஒழுகுதுன்னு சண்டை போடுவாங்க. சூடு பட்டா பசை விட்டுரும்."

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஓஸ் பைப்பில் நனைந்து காய்ந்த பச்சைக் கூடாரம் கசங்கி, பழந்துணிபோலக் கிடந்தது. இப்படியா வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது? திருப்பூரிலிருந்து ஒரு கைக்குட்டை கப்பலேறினாலும் தேய்த்து மடிக்காமல் போகாது. வேட்டித் துணியை மேலே விரித்து, நானே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து, சட்டை மடிப்பதுபோல அளவெடுத்து மடித்து, ஒவ்வொரு மடிப்பின்மேலும் பெட்டியை வைத்து அழுத்தினேன். முடித்துவிட்டு எட்டி நின்று அழகு பார்த்ததுகூட நினைவிருக்கிறது. ஆரஞ்சு கசங்கவில்லை, அதனால் தேய்க்கவில்லை. அதனால் பிழைத்தது. என் கைத்திறமை ஒன்றும் அதில் இல்லை.

"யாரு அயர்ன் பண்ணினது?" என்று கோகிலா கேட்டாள்.

"பினிஷிங்ல யாராவது தேச்சிருப்பாங்க" என்றேன்.

"ஓ" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது. யூனிட்டில் தேய்த்து மடிக்க, பினிஷிங் என்று தனியாக யாரும் கிடையாது. என்னையும் சேர்த்து எட்டுப் பேரும் எல்லா வேலையும் செய்கிறவர்கள். வாய் தானாக ஒரு ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது.

திரும்பும் வழியில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினாள். கடைக்காரர் மாவை வீசி வீசி மெல்லிசாக்கி, மடித்துக் கல்லில் போட்டார். பருப்புக் கறியோடு வந்தது. நம் பரோட்டாவுக்குத் தம்பி, ஆனால் இன்னும் மெலிசு, ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. வேறு நாளாக இருந்தால் நான்கு தின்றிருப்பேன். அன்று ஒன்றையே பாதியில் வைத்துவிட்டேன். கோகிலா தன் கடையைப் பற்றி, பூச்சோங்கில் இன்னொரு கடை போடும் யோசனையைப் பற்றிப் பேசினாள். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. தனத்தின் "சரிங்க்கா" காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. தூக்கக் கலக்கத்தில்கூட அவள், நான் ஒழுங்காகத்தான் தைத்தேன் என்று ஒரு சொல் சொல்லவில்லையே.

ஹைவேயின் மோட்டார் பாதையில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மழை வந்தால் எல்லோரும் அடுத்த பாலத்துக்கு அடியில் வண்டியை வரிசையாக ஓரங்கட்டிவிட்டு நிற்கிறார்கள். யாரும் அவசரப்படுவதில்லை. முன்பின்னாகச் சட்டை போட்ட இருபது ஆண்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பெண்கள். பெரிய ரோஜா மாலை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டியிருந்த ஒருவர், "கல்யாணம் பன்னெண்டு மணிக்கு பாஸ். என்ன செய்யறது, மழை நிக்கணுமே" என்று போனில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரில் மாப்பிள்ளையே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அங்கே நின்றபோதுதான் சொன்னேன். மழைச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"கோகிலா, அதை அயர்ன் பண்ணினது நான்தான்! வேற யாருமில்லை!"

நாலைந்து தலைகள் திரும்பின. கோகிலா தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில ஒரு அக்காவைத் திட்டினீங்களே, அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க லா. அப்புறம் நம்ம பேசலாம். எனக்குத் தைக்கப் போறது அவங்கதானே? தைக்கிற ஆளு மனசு நொந்து உக்காந்திருந்தா நான் எப்படி அதுல படுக்கிறது?"

பாலத்துத் தூணில் சாய்ந்து தனத்துக்குப் போன் போட்டேன். பின்னணியில் மெஷின் சத்தம். காலையில் வாங்கிய திட்டோடு அவள் வேலைக்கு வந்திருந்தாள்.

"தனம், உன்ற தையல்ல ஒரு குத்தமும் இல்லெ. நான் அதைத் தேச்சுப்போட்டேன். அதுல டேப்பு விட்டுப்போச்சு. நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க."

மெஷின் நின்றது. மன்னிச்சுக்க என்று நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அந்தச் சொல்லை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தேய்க்கறப்பப் பாத்தனுங்க்கா" என்றாள்.

"பாத்தயா?"

"பக்கத்து மெஷின்லதானுங்க்கா இருந்தேன். டேப்பு பொசுங்கற வாசம் வந்துச்சு."

"அப்பறம் ஏன் சொல்லலெ?"

"உங்ககிட்ட யாருங்க்கா சொல்றது?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. இருபது ஆண்கள் பார்க்க, கோகிலா கொடுத்த ஜாக்கெட்டின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒருவர் பரிதாபப்பட்டு ஒரு மிட்டாயை நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

மழை விட்டு, கிள்ளானுக்கு வந்து, கடையில் உட்கார்ந்ததும் கோகிலா பேச்சை எடுத்தாள். "இருநூறு இப்ப முடியாது அக்கா. அம்பது அனுப்புங்க. எங்க குழு ஆளுங்க மழை மாசம் பூரா அதுல படுக்கட்டும். அப்புறம் மீதியைப் பேசுவோம். அப்புறம், உள்ள காத்து போக மேல இன்னும் கொஞ்சம் வலை வேணும். காலையில உங்க கூடாரத்துல சுவரெல்லாம் வேர்த்திருந்துச்சு, பாத்தேன்." ஆரஞ்சுக் கூடாரத்தை அவளே வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கூடாரத்திலும் அயர்ன் செய்யக் கூடாது என்று மூன்று மொழிகளில் ஒரு துணிச் சீட்டுத் தைத்து அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஐம்பது என்றால் மெஷின்காரரிடம் இந்த மாதக் கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அடுத்த மாதமும் சொல்லலாம். அதற்குமேல் தெரியாது.

கடைசி நாள் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்து, எடை குறைய எதை விடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்த்தேன். டீ குடித்தேன். பிறகு தனத்தைக் கூப்பிட்டேன். ஐம்பது ஆர்டர் கிடைத்ததைச் சொன்னேன். "நல்லதுங்க்கா" என்றாள்.

"தனம், இந்த மாதிரி இன்னும் என்னென்னத்தப் பாத்துட்டுச் சொல்லாம இருக்கற?"

"நெறைய இருக்குதுங்க்கா. நீங்க வாங்க, பேசிக்கலாம்."

"வந்தா நான் பேச உட மாட்டேன். இப்பவே சொல்லு."

"நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான். எழுதிக்கறேன்."

டீக்கடைச் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் பேனா வாங்கினேன். தனம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் மெஷினுக்கு மேலே இருக்கும் டியூப்லைட் இரண்டு மாதமாக மினுங்குகிறதாம். ஒன்று என்று போட்டு எழுதினேன். பிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. விமானத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். சீட்டின் இரண்டு பக்கமும் நிறைந்து பதினொன்று வந்தது. ஒன்பதாவது என் வாயைப் பற்றியது. அவள் சொன்னபடியே, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக்கொண்டேன்.